கடல் பார்க்கப் போனது

எங்கள் சேரியிலிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. நாங்கள் 'மாபலிபுரம்' என்றுதான் சொல்வோம். எனக்கு விவரம் தெரிந்த நாளாக 'மாபலிபுரம் பாக்கப் போனேன்' என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'மாபலிபுரத்துக்கு வேலைக்குப் போனேன்' என்பார்கள். சவுக்குத் தோப்பு வெட்டப் போனார்கள். ரோட்டுக்கு ஜல்லி கொட்டப் போனார்கள். ஓட்டல் கட்டும்போது சித்தாளாகப் போனார்கள். கட்டி முடித்த பிறகு அதே ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவவும் கக்கூஸ் கழுவவும் போனார்கள். காணும் பொங்கல் ஒரு நாளைக் கணக்கில் சேர்க்க முடியாது. அன்றைக்கு மினிலாரியில் ஏறி சனங்கள் போகும். தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது என்று போலீஸ் சவுக்குக் கட்டை கட்டிக் கடலை மறித்து வைத்திருக்கும். கட்டைக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிட்டு, பிள்ளைகளுக்கு ஊதல் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

என் அம்மாவுக்கு எழுபது வயது. கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது அதில் தார்ச்சட்டி தூக்கியவள். அவளுடைய தங்கச்சி, என் சின்னம்மா, அந்தச் சாலையோரத்து ரிசார்ட் ஒன்றில் பதினோரு வருஷமாக அறை துடைக்கிறாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சின்னம்மா அந்த அறைகளைப் பற்றித்தான் பேசுவாள். தலையணை ஆறு இருக்கும், குளிக்கிற தொட்டி ஆள் நீளத்துக்கு இருக்கும், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு பணம் என்று கதை மாதிரி சொல்வாள். 2024 பிப்ரவரியில் ஒருநாள் அம்மா கேட்டாள்:

"ஏன்டா, அந்த ரூமுல ஒரு ராத்திரி படுத்தா எப்பிடித்தான் இருக்கும்?"

அவள் என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார். செல்போனில் ஒரு ராத்திரிக்கு அறை போட்டேன். 4,500 ரூபாய். சின்னம்மாவின் பதினைந்து நாள் சம்பளம் அது.

நாங்கள் போன வெள்ளிக்கிழமை மாசி மகத்துக்கு முந்தின நாள். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். பேக்கரியில் தண்ணீர் பாட்டில் வாங்க நான் இரண்டு நிமிஷம் பின்தங்கினேன். அதற்குள் அம்மா கேட்டுக்குப் போய்விட்டாள். காவலுக்கு நின்ற பையன் கையை நீட்டி, "வேலைக்கா? பின்னாடி கேட்டு வழியா போ" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அம்மா நகரவில்லை. "என் தங்கச்சிதாம்பா பின்னாடி கேட்டு. நான் முன்னாடி கேட்டு" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். என் கையிலிருந்த ரசீதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு சலாம் வைத்தான். இருபது வயதுகூட இருக்காது, வெயிலில் கறுத்த பையன். அவனும் நம்ம சனமாகவே இருக்கலாம். எந்த உடம்பு எந்த வாசல் வழியாக வரும் என்று அவனுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. ரெட்டமலை சீனிவாசன் இந்த ஜில்லாக்காரர். பொதுவழியிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924-ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்கு வழியை யாரும் மறிக்கவில்லை. எந்த வழி என்று மட்டும் காட்டுகிறார்கள்.

அறைக்குள் அம்மா கட்டிலில் உட்காரவே இல்லை. முதலில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய் மூலையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். "சுத்தமாத்தான் வச்சிருக்கா" என்றாள். சின்ன வயதில் சின்னம்மாவுக்கு ஒழுங்காகக் கூட்டத் தெரியாதாம். அதற்கு ஆயாவிடம் அடி வாங்கியிருக்கிறாளாம்.

நாலு மணி வாக்கில் கதவு தட்டுகிற சத்தம். சின்னம்மா. நீலச் சீருடை, கையுறை, துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டி. பின்னால் மேற்பார்வைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ரூமுக்கு ஏதாவது வேணுமா சார்?"

என்னைத் தூக்கி வளர்த்தவள். பொரி வாங்கித் தின்ன எட்டணா கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். மேற்பார்வைக்காரர் அடுத்த அறைக்கு நகர்ந்த பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காத நைனா. வாடிக்கைக்காரங்க ரூமுல சொந்தம் கொண்டாடக்கூடாது. ஒக்காரவும் கூடாது" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைக்கப் பார்த்தாள். சின்னம்மா உட்காரவில்லை. அம்மாவும் உட்காரவில்லை. 4,500 ரூபாய்க் கட்டில் நடுவில் கிடந்தது. அக்காளும் தங்கச்சியும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டே பேசினார்கள்.

அவர்கள் பேசியது நிலத்தைப் பற்றி.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். படிக்கிற தோழர்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் மாமல்லபுரத்துக்கு வந்து கடல் காற்று வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது.

செங்கல்பட்டுச் சீமை மிராசிச் சீமை. தரிசாகக் கிடக்கிற புறம்போக்கை ஒரு பறையன் தர்க்காஸ்து போட்டுக் கேட்டால், முதல் பாத்தியதை எனக்குத்தான் என்று மிராசுதாரன் வந்து நிற்பான். அவனும் பயிர் வைக்க மாட்டான், நம்மையும் வைக்க விடமாட்டான். குடியிருக்கிற குடிசைக்குக் கீழே உள்ள மண்கூட அவனுடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்வான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இதையெல்லாம் நேரில் பார்த்து 1891-ல் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் கொடுப்பது, முதல் பத்து வருஷம் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம், வேறு யார் வாங்கினாலும் செல்லாது. இதுதான் பஞ்சமி நிலம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'டிசி நெலம்' என்பார்கள். மாகாணம் முழுக்க இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கத்தார் சொல்லி வருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கொடுத்தது எப்படிப்பட்ட மண் என்பதுதான் விஷயம். நஞ்சையை யார் கொடுப்பான்? கடலோர மணல். கள்ளியும் தாழையும் முளைக்கிற மண். கேழ்வரகு போட்டால் ஒரு வருஷம் வரும், மறு வருஷம் வராது. ஊர்த்தெருக்காரன் திரும்பிப் பார்க்காத நிலம் என்பதால்தான் நமக்கு வந்தது. நூறு வருஷம் அது மணலாகவே கிடந்தது. பிறகு சாலை வந்தது. சாலை வந்ததும் மணலுக்குக் 'கடல் காட்சி' என்று பெயர் வந்தது. சென்ட் கணக்கில் விலை வந்தது.

எங்கள் தாத்தாவுக்கு 1 ஏக்கர் 40 சென்ட் இருந்தது. 1974-ல் அம்மாவுக்குக் கல்யாணம். ஊர்த்தெருவில் ஒருவரிடம் கடன் வாங்கினார். ஒரு வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தார். வட்டி ஏறி, அந்தத் தாள் கிரயமாகிவிட்டது. செல்லாத கிரயம். ஆனால் செல்லாது என்று சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அதைச் செல்ல வைத்தார்கள். 1980களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. யூ.டி.ஆர். என்பார்கள். பழைய ஏ பதிவேட்டில் எங்கள் புல எண்ணுக்கு எதிரே இருந்த குறிப்பு புதிய பதிவேட்டில் இல்லை. யாரும் அழிக்கவில்லை. பார்த்து எழுதும்போது விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குமாஸ்தாவின் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த நிலம் முள்கம்பி போட்ட மனைப்பிரிவு. ரிசார்ட்டுக்கு வருகிற வழியில்தான் இருக்கிறது. பஸ் அதைக் கடந்தபோது அம்மா சன்னல் பக்கம் திரும்பவில்லை. அறையில் தங்கச்சியிடம்தான் சொன்னாள்:

"எனக்கோசரம் போன நெலம்டி அது. உனக்கும் பாதி இருந்துருக்கும்."

சின்னம்மா துண்டுகளை அடுக்கிக்கொண்டே, "இருந்தா நானே இந்த மாதிரி ரூமு கட்டி உன்ன வேலைக்கு வச்சிருப்பேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிச் சிரிக்க முடிந்ததனால்தான் அவர்கள் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறார்கள் போலும்.

இதே மாவட்டத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நம் சனங்கள் இறங்கியதும், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதும், ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்ததும் நமக்கு வரலாறு. நான் அப்போது கல்லூரி மாணவன். என் மாதிரிப் பல பேர் அந்த வாரத்தில்தான் 'பஞ்சமி' என்ற சொல்லையே முதல்முதலாகக் கேட்டோம். வீட்டுக்குப் போய் தாத்தாவிடம் 'நமக்கு நெலம் இருந்துச்சா?' என்று கேட்டோம். அதுவரைக்கும் இல்லாத கேள்வி அது.

சாயங்காலம் சிற்பங்களைப் பார்க்கப் போனோம். அம்மா பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். வழிகாட்டிகள் அர்ச்சுனன் தபசு முன்னால் கூட்டத்தை நிறுத்தி, கங்கை இறங்குவதையும் தேவர்கள் பறப்பதையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கண் கீழே போயிற்று. யானைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கிற எலிகளையும் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு தலைவரு மாதிரியே நிக்குது பாரு" என்றாள். எந்தத் தலைவர் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் கிருஷ்ண மண்டபம். மலையைத் தூக்கிப் பிடித்த கிருஷ்ணனை அவள் கண்டுகொள்ளவேயில்லை. மாடு கன்றை நக்க, உட்கார்ந்து பால் கறக்கிற ஆளிடம் போய் நின்றுவிட்டாள். வெகுநேரம் நின்றாள். பாத்திரத்தை முழங்காலில் இடுக்கியிருக்கிற வாகு சரியாக இருக்கிறதாம். "இத செதுக்குனவன் மாடு கறந்தவன்டா" என்றாள். பல்லவர் கலை பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

செதுக்கியவர்கள் யார்? மாமல்லபுரத்தை ஒட்டியுள்ள பூஞ்சேரியில் ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று. ராஜாக்களின் பட்டப்பெயர்கள் அடுக்கடுக்காக இருக்கிற இடத்தில் வேலைக்காரர்களின் பெயர்கள் பிழைத்திருப்பது அங்கே மட்டும்தான். தச்சனுக்கும் கொல்லனுக்கும் பெயர் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். கல்லைப் பிளந்து உருட்டியவனுக்கும், செதிலை அள்ளிக் கொட்டியவளுக்கும், அவர்களுக்குக் கூழ் ஊற்றியவளுக்கும் பாறையில் இடம் இல்லை. 1984-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. கடற்கரைக் கோயிலுக்குள் போக நாற்பது ரூபாய் சீட்டு. அம்மா, "நாம செஞ்சதப் பாக்க நாமளே துட்டு குடுக்கணுமா" என்று கேட்டாள். வரலாற்றுச் சான்று உண்டா என்று ஆராய்ச்சியாளர்கள் அவளிடம் கேட்கலாம்.

அதே பூஞ்சேரியில்தான் நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. 2021 அக்டோபரில் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் பந்தியிலிருந்து எழுப்பி விரட்டப்பட்ட நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய காட்சி நாடெங்கும் பரவியது. அமைச்சர் வந்து அதே கோயிலில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளியன்று, நவம்பர் 4-ஆம் தேதி, முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிடி சோற்றுக்கு ஒரு பெண் நாடறிய அழவேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான், பல வருஷங்களாக நடந்து கேட்ட பட்டா அவர்களுக்கு வந்தது. அழாதவர்களுடைய மனு எந்த மேசையில் இருக்கிறது?

இன்னொரு காட்சியும் இந்தக் கடற்கரையில் நடந்தது. 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். 12-ஆம் தேதி காலையில் பிரதமர் வெறுங்காலோடு மணலில் நடந்து பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கினார். படம் எடுத்துப் போட்டார்கள். பொறுக்கிய மூட்டையைக் கடைசியில் ஓட்டல் ஊழியர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த மூட்டை அதற்குப் பிறகு யார் தோளில் ஏறி எங்கே போயிற்று என்பது படத்தில் இல்லை. அவர் அரை மணி நேரம் பொறுக்கினால் அது செய்தி. நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினால் அது சாதி.

ராத்திரி அம்மாவுக்கு அறையில் தூக்கம் வரவில்லை. ஏ.சி. குளிர் முட்டியைப் பிடித்தது. அணைத்தால் மூச்சு முட்டியது; சன்னல் திறக்கிற சன்னல் இல்லை. தரையில் துப்பட்டி விரித்துப் படுத்தாள். மூன்று மணிக்கு எழுந்து, "கடலாண்ட போலாம் வாடா" என்றாள்.

கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணல் முழுக்க இருளர் சனம். மாசி மகத்துக்கு வருஷா வருஷம் வருகிறார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, குச்சி நட்டுப் புடவையைச் சுற்றிக் கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கன்னியம்மாவை வீட்டுக்கு அழைக்கத்தான் இந்த வருகை. விடியும்போது ஈரமணலில் படி கட்டி, பூவும் தேங்காயும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கேயே பெண் பார்க்கிறார்கள், அங்கேயே தாலி கட்டுகிறார்கள். ஐயர் கிடையாது, மண்டபம் கிடையாது, கட்டணம் கிடையாது. எங்கள் சேரிகளிலேயே இருளரை ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அந்த விடியலில் நான் பார்த்தது, இந்த ஊரிலேயே வேலைக்கென்று வராத, வேடிக்கை பார்க்கவும் வராத ஒரே கூட்டத்தைத்தான். கடலைத் தங்கள் தாயின் வீடு மாதிரி நினைத்து வந்திருந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் காமிராவோடு கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தார்கள். ஒரு கிழவி புடவைத் திரையை இழுத்து மூடினாள்.

அம்மா ஒரு குடும்பத்தோடு பேச்சுக் கொடுத்து, அவர்கள் அடுப்பில் டீ குடித்து, அவர்கள் பாயிலேயே வெயில் ஏறும்வரை தூங்கிவிட்டாள். அறையில் காலை டிபன் இலவசம் என்று நான் இரண்டு தடவை எழுப்பினேன். எழவில்லை.

பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்தோம். சின்னம்மா தள்ளுவண்டியோடு வெளியே காத்திருந்தாள். படுக்கை கசங்காமல் இருந்ததைப் பார்த்து, "எனக்கு வேல மிச்சம்" என்றாள்.

எங்கள் மனு முதலில் காஞ்சிபுரத்தில் கொடுத்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு கோப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு ஆபீசுக்கும் நடக்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று கடிதம் வந்திருக்கிறது. இதுவரை நான் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில், முள்கம்பி தாண்டியபோது அம்மா சன்னல் பக்கம் திரும்பி எண்ணிக்கொண்டு வந்தாள். பனைமரம் ஏழு இருந்ததாம், இப்போது இரண்டு. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். அம்மா வருகிறேன் என்கிறாள். சின்னம்மாவுக்கு அன்றைக்கு விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் புது மனு எழுதிவிட்டேன். பழைய ஏ பதிவேட்டின் நகல் மூன்று எடுத்து வைத்திருக்கிறேன்.